இடமும் வலமும்

விமரிசனம் என்பது நாவலுக்கும் சிறுகதைக்கும் கவிதைக்கும் மட்டுமே உரியது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சங்கீதத்துக்கும் சினிமாவுக்கும் போனால் போகிறதென்று கொஞ்சம் இடம் கொடுக்கிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை கையை விட்டு அகலாத ஒரு கருவியைப் பற்றி, அதை அமைத்தவர் எந்த இடத்தில் நன்றாக யோசித்திருக்கிறார், எந்த இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார் என்று நிதானமாக யாரும் எழுதக் காணோம். "வேகமாக இருக்கிறது" என்பார்கள். இல்லாவிட்டால் "தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை" என்பார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஒரு நாவலைப் பற்றி இப்படி ஒருவர் அபிப்பிராயம் சொன்னால் அவரை விமரிசகர் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டெர்மினலில் ஓடும் ஃபைல் மேனேஜர்களை. பெயரைக் கேட்டதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் சுலபமானதுதான். கம்ப்யூட்டரில் நாம் எழுதி வைப்பது ஃபைல். ஃபைல்களை அடுக்கி வைக்கிற அறை ஃபோல்டர். சாதாரணமாக மௌஸைப் பிடித்துப் படங்களின்மேல் தட்டித்தான் இவற்றைத் திறக்கிறோம், இடம் மாற்றுகிறோம், அழிக்கிறோம். டெர்மினல் இந்தப் படங்களுக்கெல்லாம் மூத்தது. கறுப்புத் திரை, அதில் எழுத்துக்கள், வேறொன்றும் கிடையாது. 1978-ல் வெளிவந்த விடி-100 என்ற யந்திரத்தின் திரை குறுக்கே 80 எழுத்தும் நெடுக 24 வரியும் கொண்டது. இன்றைக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் டெர்மினலைத் திறந்தால் பெரும்பாலும் அதே 80-க்கு 24 அளவில்தான் ஜன்னல் திறக்கிறது.

அந்தத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடித்து வேலை வாங்குவது ஒரு வழி. அதே எழுத்துக்களைக் கொண்டே கோடு கிழித்து, கட்டம் போட்டு, ஃபைல்களைப் பட்டியலாக நிறுத்தி, பட்டியலில் மேலும் கீழும் நகர்ந்து வேலை வாங்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தவைதான் நான் சொல்லும் ஃபைல் மேனேஜர்கள்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பட்டப் படிப்பைக்கூட முடிக்காதவன் நான். கம்ப்யூட்டர் சாஸ்திரம் எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது பழைய லாப்டாப். புதிது புதிதாக வரும் அலங்காரங்களைத் தாங்க முடியாமல் அது மூச்சு வாங்கத் தொடங்கியபோது, என் அக்கா பிள்ளை அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். "மாமா, உங்களுக்கு வேண்டியது எழுதறதுக்கு ஒரு இடம், எழுதினதை வெச்சுக்கறதுக்கு ஒரு இடம். இதுக்கு மௌஸே வேண்டாம்" என்று சொல்லி, நாலைந்து கட்டளைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அவற்றில் ஒன்று ‘எம்வி’. மூவ் என்பதன் சுருக்கம். ஃபைலை இடம் மாற்றவும் அதுதான். பெயர் மாற்றவும் அதுதான்.

அப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பதினாலாவது அத்தியாயம் மூன்று வாரம் என்னை அலைக்கழித்துவிட்டு ஒருவழியாக முடிந்திருந்தது. ஒரு கிழவி தான் பிறந்த வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட உட்காருகிற இடம். அந்த அத்தியாயத்துக்கென்று நான் முன்பு எழுதி வைத்திருந்த குறிப்புகள் தனி ஃபைலாக இருந்தன. அந்தக் குறிப்பு ஃபைலுக்கு ஒழுங்காக ஒரு பெயர் வைக்கலாம் என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தோன்றியது. ‘எம்வி’ என்று அடித்தேன். பழைய பெயரை அடித்தேன். புதுப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, எழுதி முடித்த அத்தியாயத்தின் பெயரை அடித்துவிட்டேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்காகக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது.

வேலை சரியாக நடந்தால் வாய் திறக்காமல் இருப்பது யூனிக்ஸ் மரபு. நான் சொன்ன வேலை சரியாகத்தான் நடந்திருக்கிறது. குறிப்புகள் அத்தியாயத்தின் பெயரைப் பெற்றுக்கொண்டன. அத்தியாயம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. இருபத்தாறு பக்கம். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் போன் செய்து மருமகப் பிள்ளையைக் கேட்டேன். "அது கேக்காது மாமா. கேக்கணும்னா நடுவிலே ஒரு ‘ஐ’ சேத்துப் போடணும்" என்றான்.

"இதை முதல்லியே சொல்லக் கூடாதாடா?"

"நீங்க கேக்கலியே!"

அவன் மேல் தப்பில்லை. கட்டளையின் மேலும் தப்பில்லை. அவசரப்பட்டது என் விரல். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தக் கருவிகளைப் பாராட்டுகிறவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். இத்தனை விரல் தட்டில் இத்தனை வேலை என்று கணக்குச் சொல்கிறார்கள். நினைப்பதற்கும் நினைத்தது நடந்துவிடுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைக் கருவி எங்கே வைத்திருக்கிறது என்பதுதான் அளக்க வேண்டிய விஷயம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று ஃபைல் மேனேஜர்களை, மூன்று ஆசிரியர்களின் புத்தகங்களை ஒப்பிடுவது போல, ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறேன். மூன்றையும் மாதக்கணக்கில் உபயோகித்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலாவது மிட்நைட் கமாண்டர். 1994-ல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசா தொடங்கியது. ஆனால் அதன் வடிவம் அவருடைய கற்பனை அல்ல. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் மாணவராக இருந்த ஜான் சோச்சா 1984-ல் எழுதத் தொடங்கி, 1986-ல் நார்ட்டன் கமாண்டர் என்ற பெயரில் வெளியானதே அதற்கு மூலம். திரையை நடுவில் பிளந்து இரண்டு பலகைகள். இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் ஒரு ஃபோல்டர். அடியில் ஒன்று முதல் பத்து வரை எண்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கும் எஃப் விசைகளுக்கு உரியவை. ஐந்தைத் தட்டினால் பிரதி எடுக்கும், ஆறைத் தட்டினால் இடம் மாற்றும், ஏழு புது ஃபோல்டர், எட்டு அழிக்கும். மூலத்தில் இருந்த இந்த எண்கள் வழித்தோன்றல்களில் இன்றுவரை மாறவில்லை. இந்த வம்சத்துக்கு ‘ஆர்தடாக்ஸ்’, அதாவது வைதிகமான ஃபைல் மேனேஜர்கள் என்று ஒரு பெயரே இருக்கிறது.

வைதிகம் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. வடிவம் ஒன்று நாற்பது வருஷத்துக்குக் கிட்ட மாறாமல் நிற்கிறது என்றால் அதற்குள் ஏதோ உண்மை இருக்க வேண்டும். எனக்குப் பட்ட உண்மை இது: பிரதி எடுப்பது, இடம் மாற்றுவது என்கிற காரியங்களுக்கு இரண்டு முனைகள் உண்டு. எங்கிருந்து, எங்கே. ‘எம்வி’ கட்டளையில் இந்த இரண்டு முனைகளையும் என் தலைக்குள் சுமந்துகொண்டு நான் உட்கார வேண்டியிருந்தது. ராத்திரி பதினோரு மணித் தலை ஒரு முனையைத் தவறவிட்டது. மிட்நைட் கமாண்டரில் இரண்டு முனைகளும் கண்ணெதிரே நிற்கின்றன. ஐந்தைத் தட்டினால், எங்கே என்ற கேள்விக்கு எதிர்ப் பலகையின் முகவரியை அதுவே எழுதிவைத்துக் காட்டுகிறது. அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், வேலையை நிறுத்திவிட்டு, புதியதன் அளவும் தேதியும் இவ்வளவு, இருப்பதன் அளவும் தேதியும் இவ்வளவு என்று இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி என்ன செய்யட்டும் என்று கேட்கிறது. என் குறிப்பு ஃபைல் இரண்டு பக்கம், அத்தியாயம் இருபத்தாறு பக்கம். அந்த இரண்டு எண்களை மட்டும் அன்றைக்கு யாராவது எனக்குக் காட்டியிருந்தால் போதும்.

குறையும் சொல்ல வேண்டும். அழிக்கும் விஷயத்தில் இதே கருவி தன் நிதானத்தைக் கைவிட்டுவிடுகிறது. எட்டைத் தட்டினால் அழிக்கட்டுமா என்று கேட்கத்தான் செய்கிறது. ஆனால் கேட்கும்போதே வெளிச்சம் ‘ஆம்’ என்ற பதிலின் மேல் நிற்கிறது. என்டரைத் தட்டினால் போய்விடும். குப்பைக் கூடைக்குப் போய்க் கிடந்து திரும்பி வருகிற வசதியும் இல்லை. நாள்தோறும் பத்துத் தடவை இந்தக் கேள்வி வந்தால் எட்டும் என்டரும் சேர்ந்து ஒரே அசைவாக விரலுக்குப் பழகிப் போகின்றன. அப்புறம் அது கேள்வியே அல்ல. இதற்குப் பரிகாரமும் உள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பட்டியலில் ‘பத்திரமாக அழித்தல்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சம் ‘இல்லை’யின் மேல் போய் நிற்கும். இவ்வளவு தெரிந்தவர்கள் அதை முதலிலிருந்தே அப்படி வைத்திருக்கலாம். முன்கூட்டியே வைத்துக் கொடுப்பதில் அந்த வரி அணைந்துதான் கிடக்கிறது.

இன்னொரு குறை. இரண்டு பலகைகளில் நான் இப்போது நிற்பது எதில் என்பதை முக்கியமாகச் சொல்வது ஒரு வண்ணப் பட்டை. இரண்டிலும் ஒரே மாதிரிப் பெயர்கள் இருந்தால் கண் ஏமாந்துவிடும்.

இரண்டாவது ரேஞ்சர். இது பைதான் மொழியில் எழுதப்பட்டது, வேறு ஜாதி. இதில் மூன்று பத்திகள். நடுவில் நான் நிற்கும் ஃபோல்டர். இடது பத்தியில் அதைத் தன்னுள் வைத்திருக்கும் பெரிய ஃபோல்டர். வலது பத்தியில், பட்டை எந்த ஃபைலின் மேல் நிற்கிறதோ அதன் உள்ளடக்கம். பட்டையை அத்தியாயத்தின் மேல் வைத்தால் திறக்காமலேயே அதன் முதல் வரிகளைப் படித்துவிடலாம். பெயரை நம்பி ஏமாறுகிறவனுக்கு இது பெரிய உபகாரம்.

இதன் விசைகள் ‘வீஐ’ என்ற பழைய எடிட்டரைப் பின்பற்றியவை. ஹெச் இடது, ஜே கீழே, கே மேலே, எல் வலது. ஏன் இந்த எழுத்துக்கள் என்று எனக்கு வெகு நாள் புரியாமல் இருந்தது. 1976-ல் பில் ஜாய் அந்த எடிட்டரை எழுதியபோது அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் அம்புக்குறிகள் இந்த நாலு எழுத்து விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. டெர்மினல் போய்விட்டது, அதன் அம்புகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் நம் விரல்களில் தங்கிவிட்டன.

ரேஞ்சரில் பிரதி எடுக்க ‘ஒய்’ என்ற எழுத்தை இருமுறை தட்ட வேண்டும். போக வேண்டிய ஃபோல்டருக்குப் போய் ‘பி’யை இருமுறை தட்ட வேண்டும். இரண்டாவது தட்டு வரும்வரை ஒன்றும் நடப்பதில்லை. போகிற வழியில் மனம் மாறினால் விட்டுவிடலாம். அங்கே அதே பெயரில் ஃபைல் இருந்தால் ரேஞ்சர் கேள்வி கேட்பதில்லை. இருப்பதைத் தொடாமல், புதிதாக வந்ததன் பெயரோடு ஒரு அடிக்கோட்டைச் சேர்த்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறது. மேலெழுதத்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு விசை. கேட்பதைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்விக்குத் தூக்கத்தில் தப்பாகப் பதில் சொல்லிவிடலாம். இங்கே தப்பு நேர்ந்தாலும் நஷ்டம் ஒரு அடிக்கோடுதான்.

ஆனால் ரேஞ்சரில் எங்கே என்ற முனை முதலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எடுத்ததை மனசில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நடுவே டெலிபோன் வந்தால் எதை எடுத்தோம் என்பதே மறந்துவிடும். பார்த்துக்கொண்டு உலாவுவதற்கு இது உயர்ந்த கருவி. மூட்டை சுமப்பதற்கு மிட்நைட் கமாண்டரே தேவலை.

மூன்றாவது டைரெட். எமாக்ஸ் என்ற பிரம்மாண்டமான எடிட்டருக்குள் இருக்கும் ஒரு பகுதி. பார்வைக்கு மூன்றிலும் இதுதான் வறண்டது. கட்டம் இல்லை, பலகை இல்லை. வரிக்கு ஒரு ஃபைலாக ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஆனால் அழிக்கும் விஷயத்தில் இதன் யோசனையை மற்ற இரண்டும் எட்டவில்லை. ‘டி’யைத் தட்டினால் அந்த வரியின் ஓரத்தில் டி என்று ஒரு குறி விழுகிறது. ஃபைலுக்கு ஒன்றும் ஆவதில்லை. இன்னும் நாலு ஃபைல்களுக்குக் குறி போடலாம். மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பார்க்கலாம். ‘இது வேண்டுமே’ என்று தோன்றினால் ‘யூ’வைத் தட்டிக் குறியை எடுத்துவிடலாம். எல்லாம் சரி என்று பட்டால் ‘எக்ஸ்’. அப்போதும் பெயர்களை ஒருமுறை காட்டி, ‘எஸ்’ என்ற ஆங்கில வார்த்தையை முழுவதுமாக, மூன்று எழுத்தும் அடிக்கச் சொல்லிக் கேட்கிறது. விரல் பழக்கத்தால் ஒரு என்டரைத் தட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

கையெழுத்துப் பிரதியைத் திருத்துகிற எவனும் இப்படித்தான் செய்கிறான். வேண்டாத பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கிறான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் படித்துவிட்டுத்தான் அடிக்கிறான். டைரெட்டில் குறி போடுவதும் அழிப்பதும் வெவ்வேறு காரியங்களாக இருப்பதைக் கண்டபோது, எழுதி அடித்துப் பழகிய ஒருவர் இதை அமைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதன் குறை, எமாக்ஸுக்குள் குடியேறினால்தான் இது கிடைக்கும் என்பது. கட்டிலுக்காக வீட்டையே வாங்குகிற கதை. எனக்கு அந்த வீட்டில் இன்னும் பாதி அறைகளுக்கு வழி தெரியாது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு குறையைத் தமிழில் எழுதுகிறவன் சொல்லாமல் இருக்க முடியாது. டெர்மினல் என்பது சம அளவான கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்பது அதன் தர்மம். நம் எழுத்துக்கள் அந்த தர்மத்துக்குள் அடங்குவதில்லை. ‘ணை’க்கும் ‘ர’வுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் ஒன்று நசுங்கும், இன்னொன்று காற்றில் நிற்கும். ‘கொ’ என்ற எழுத்தில் ஒரு உறுப்பு முன்னால் வர வேண்டும், ஒன்று பின்னால் வர வேண்டும். என் டெர்மினலில் தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல் வரும் வரியில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடக்கிறது. பலகையின் வலது ஓரக் கோடு அந்த வரியில் மட்டும் வளைந்துவிடுகிறது. அதனால் என் நாவல்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் பெயர். ஒரே மாதிரித் தோன்றும் அந்த மொட்டைப் பெயர்களும் அன்றைய விபத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘கிழவி’ என்றும் ‘குறிப்பு’ என்றும் தமிழில் பெயர் இருந்திருந்தால் ஒருவேளை கண் நின்றிருக்கும்.

என் மருமகப் பிள்ளை இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. "தெரிஞ்சவனைக் கேள்வி கேட்டுண்டே இருந்தா அவனுக்குக் கோவம்தான் வரும் மாமா. கட்டளை அடிக்கிறவன் என்ன அடிக்கிறான்னு தெரிஞ்சுதான் அடிப்பான்" என்கிறான். அதில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் ஃபைல்களுக்கு ஒரே மாதிரிப் பெயர் மாற்ற வேண்டுமானால் கட்டளைதான் சரி. அங்கே ஒவ்வொன்றுக்கும் நின்று கேட்பது பைத்தியக்காரத்தனம். ஃபைல் மேனேஜரை, கட்டளை தெரியாதவனுக்கு ஊன்றுகோல் என்று அவனைப் போன்றவர்கள் நினைக்கிறார்கள். அதைத்தான் நான் மறுக்கிறேன். கட்டளை அடிப்பது பெயர் சொல்லி அழைப்பது. பட்டியலைப் பார்த்து எடுப்பது முகம் பார்த்து அழைப்பது. எந்த ஃபைல் எது என்று தெரிந்தவனுக்குப் பெயர் போதும். எது வேண்டும், எது வேண்டாம் என்று இன்னும் தீர்மானம் ஆகாத நிலையில் இருக்கிறவனுக்கு முகம் வேண்டும். எழுதுகிறவன் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கிறான்.

மூன்றில் எதை வைத்துக்கொண்டாய் என்று கேட்டால், மிட்நைட் கமாண்டரை. அழிக்கும் கேள்வியில் வெளிச்சத்தை ‘இல்லை’க்கு மாற்றி வைத்திருக்கிறேன். தினமும் எழுதி முடித்ததும் இடப்பக்கம் லாப்டாப், வலப்பக்கம் ஒரு பென் டிரைவ். கன்ட்ரோலோடு எக்ஸையும், பிறகு டி-யையும் தட்டினால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசப்படும் ஃபைல்களுக்குக் குறி போட்டுக் காட்டுகிறது. பிறகு ஐந்து. இது ஒரு நிமிஷ வேலை. எந்தக் கருவியின் கேள்வியும் இந்த இரண்டாவது பிரதிக்கு ஈடாகாது என்பதை இருபத்தாறு பக்கம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

பதினாலாவது அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். நாவல் புத்தகமாகவும் வந்துவிட்டது. அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று சிலர் கடிதம்கூட எழுதினார்கள். சந்தோஷந்தான். ஆனால் முதலில் எழுதியதில், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கிழவி தன் பேரனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அது என்னவென்று எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. அச்சான புத்தகத்தில் அவள் பேசாமல் கையெழுத்துப் போடுகிறாள்.